அடுத்த வருஷ வண்டி

புக் செய்திருந்த மின்சாரக் காரை அண்ணன் ரத்து செய்தது என் பேச்சைக் கேட்டுத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி விஷயத்தில் எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு உண்டு. மற்ற விஷயத்தில் கிடையாது. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் கல்லூரியை விட்டு நின்றவன் நான். எட்டு வருஷமாகப் பேட்டரி செல் சோதிக்கும் இடத்தில் இரவு ஷிஃப்ட். அறிவு தேவைப்படும் வேலை என்று சொல்ல முடியாது. ராக்கில் அடுக்கியிருக்கும் செல்களுக்கு மின்சாரம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். எது எத்தனையாவது சுற்றில் சோர்கிறது என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். சோர்ந்ததைப் பிடுங்கித் தனியே வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் ஷோரூம் தாளை விரித்து வைத்துக்கொண்டு கேட்டது ஒரு காலை நேரத்தில். நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, அப்பாவைக் குளிப்பாட்டி, கட்டிலில் உட்காரவைத்து, மூக்குக் குழாயை மாட்டிவிட்டிருந்தேன். ஆக்சிஜன் மெஷின் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்த வண்டியோட பேட்டரி உங்க இடத்துல சோதிச்சதுன்னு ஷோரூம்காரன் சொல்றான். எப்படிடா இருக்கு?"

"ஒரு வருஷம் பொறு."

"ஏன்?"

"அதைச் சொல்ல முடியாது. வெளியில சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"பெரிய ராணுவ ரகசியம்" என்றார் அப்பா. "அடுத்த நாட்டுக்காரன் ஜன்னல்ல காது வச்சுக் கேட்கிறான் பாரு."

அண்ணி காபியை வைத்துவிட்டு நின்றாள். "போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க தம்பி. அதுக்கு முந்தின வருஷமும்."

"அப்பவும் சரியாத்தான் சொன்னேன் அண்ணி."

"நீங்க சரியாச் சொல்லிச் சொல்லியே பதிமூணு வயசு டீசல் வண்டியில போயிட்டிருக்கோம்."

"என்னைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள புது வண்டி வந்துடுமா?" என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்க நான்கு நிமிஷம் ஆனது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் அண்ணன் போய் ரத்து செய்துவிட்டு வந்தான்.

நான் பொய் சொல்லவில்லை. அந்த வண்டிக்குப் போகிற செல் எங்கள் நான்காவது ராக்கில் இருந்தது. முந்நூறு சுற்றுக்குள் ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விட்டது. ஒன்பதாவது ராக்கில் வேறொரு செல் இருந்தது, அடுத்த வருஷம் வரப்போவது. ஆயிரம் சுற்று தாண்டியும் அது அசையவே இல்லை. அதைப் பார்த்த கண்ணால் நான்காவது ராக்கை எப்படி வாங்கச் சொல்வேன்? ஆனால் ஒன்பதாவது ராக் காலியானால் அங்கே அதைவிட நல்லது வந்து உட்காரும். எட்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அடுத்து வருவதைத் தினமும் பார்க்கிறவனால் கையில் கிடைப்பதை வாங்க முடியாது. அது ஒரு வியாதி. எனக்கு முற்றிப்போயிருந்தது.

அப்பாவுக்கு நுரையீரல் பாதிக்குமேல் போய்விட்டது. இருபத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் ஃபிட்டர். பாதி டிப்போ புகை, மீதி அவரே காசு கொடுத்து வாங்கிப் பிடித்த புகை. மாடி ஏற முடியாததால் கீழே முன்னறையை அவருக்குக் கொடுத்திருந்தோம். அறையின் ஒரே ஜன்னல் போர்ட்டிகோவின் பின்சுவரில் திறக்கும். வாரம் இரண்டு முறை, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுவாசப் பயிற்சி மையத்துக்குச் சின்ன சிலிண்டரோடு அவரைக் கூட்டிப்போக வேண்டும். காரின் வேலை அது ஒன்றுதான். அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, நடந்து போகிற தூரம். நான் கம்பெனி வேனில் போகிறவன்.

டீசல் காருக்கு அந்த மூன்று கிலோமீட்டர்தான் விஷம். புகையிலிருக்கும் கரியைப் பிடித்துவைக்க சைலன்சர் பக்கம் ஒரு ஃபில்டர் உண்டு. பிடித்த கரியை அதுவே எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நன்றாகச் சூடேற வேண்டும். இன்ஜின் சூடாவதற்குள் நாங்கள் மையத்துக்குப் போய்விடுவோம். கரி சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை.

"வாரம் ஒரு தடவை பைபாஸ்ல முப்பது நிமிஷம் விரட்டுங்க. கரி எரிஞ்சுடும்" என்றார் மெக்கானிக்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விரட்டினேன். ஷிஃப்ட் முடிந்து வந்து, அப்பாவை முன்சீட்டில் ஏற்றி, சிலிண்டரை அவர் கால்களுக்கிடையில் நிறுத்தி, பைபாஸ் முழுக்கக் கீழ் கியரிலேயே போவோம். அப்பாவுக்கு ஒரே குஷி. மையத்தைத் தவிர அவர் வெளியே வருவது அதற்கு மட்டும்தான்.

"மிதிடா. இதென்ன, கல்யாண ஊர்வலமா?"

"இன்ஜின் கத்துதுப்பா."

"கத்தட்டும். கத்துற வரைக்கும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். சத்தமில்லாமப் போச்சுன்னாதான் பயப்படணும்." முன்னால் போகும் லாரியைப் பார்ப்பார். "அவனுக்கு இன்ஜெக்டர் போச்சு. புகையைப் பாரு. இன்னும் ஒரு மாசம், நடுரோட்டுல நிப்பான்."

அப்படி ஐந்து மாதம். ஆறாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, நேராகப் போகும் ரோட்டில், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிட்டேன். அப்பா என் தொடையில் ஓங்கிக் குத்தினார். கார் ஏற்கெனவே ஓரக் கல்லை உரசிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவருக்கு எப்போதும் வாங்குவதுதான், இருந்தாலும் அன்றைக்கு உதடு நீலமாகிவிட்டது.

"வீட்டுல சொல்லாதே" என்றார்.

சொல்லவில்லை. அடுத்த நாள் மெக்கானிக்கிடம் போனேன். இனி ஞாயிறு ஓட்டம் முடியாது என்றேன். புது ஃபில்டர் போட்டால் பழைய வண்டியின் விலையில் பாதியை விழுங்கிவிடும். ஒன்பதாவது ராக் செல்லோடு வருகிற கார் இன்னும் ஆறு மாதத்தில் கடைக்கு வந்துவிடும்.

"அப்ப உள்ள இருக்கிறதை எடுத்துடலாம்" என்றார் மெக்கானிக். "டப்பாவை அறுத்து, நடுவுல கரி பிடிக்கிற கல்லை உடைச்செடுத்துட்டு, திரும்ப வெல்டு வச்சிடுவேன். வெளியில பார்த்தா தெரியாது. லேப்டாப்ல லைட்டையும் அணைச்சிடலாம். ஆறு மாசம் என்ன, ஆறு வருஷம் ஓடும்."

"புகை?"

"கொஞ்சம் வரும். பின்னாடிதானே வருது, உங்களுக்கென்ன?"

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உளியால் தட்டத் தட்ட, கல் கருப்புத் துண்டுகளாக உதிர்ந்து ட்ரேயில் விழுந்தது. ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளில் எரியாமல் தங்கிய கரி. வீட்டுக்கு வந்து, "ஃபில்டர் சுத்தம் பண்ணியாச்சு, இனி பைபாஸ் போக வேண்டாம்" என்றேன். அண்ணன் தலையாட்டினான். அப்பா மட்டும், "அப்ப ஞாயித்துக்கிழமை?" என்றார். "தூங்கப் போறேன்பா" என்றேன்.

மெக்கானிக் பின்னாடி என்று சொன்னாரே, அந்தப் பின்னாடி எங்கே இருந்தது என்று சொல்கிறேன். நான் எப்போதும் காரை ரிவர்ஸில்தான் போர்ட்டிகோவுக்குள் விடுவேன். அப்பாவுக்கு திடீரென்று ஏதாவது என்றால் நேரே வெளியே பாய வேண்டும், கேட்டில் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நானே யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு. மையத்துக்குப் போகும் நாட்களில் ஐந்து நிமிஷம் முன்பே ஸ்டார்ட் செய்து ஓடவிடுவேன், உள்ளே ஏசி குளிர்ந்திருந்தால் அப்பாவுக்கு மூச்சு சுலபமாக இருக்கும் என்று. ஆக, சைலன்சர் வாய் பின்சுவரைப் பார்த்து நிற்கும். அதற்கு ஒரு கை உயரத்தில் அப்பாவின் ஜன்னல். ஃபில்டர் இருந்தவரை அதில் பெரிய கெடுதல் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணி என்னைக் கூப்பிட்டாள். ஆக்சிஜன் மெஷின் அறைக் காற்றைத்தான் இழுத்து வடித்துக் கொடுக்கும். இழுக்கிற இடத்தில் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும், வாரம் ஒருமுறை அவள் கழுவுவாள். அன்றைக்கு வாஷ்பேசின் முழுக்கக் கருப்புத் தண்ணீர்.

"எப்பவும் சாம்பல் கலர்ல தூசிதான் வரும் தம்பி. இது என்ன, மை மாதிரி?"

"தெருமுனையில கட்டட வேலை நடக்குதுல்ல."

"சிமென்ட் கருப்பாவா இருக்கும்?"

"தார் கிரு போடறாங்களோ என்னமோ."

அவள் ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். இன்னும் கருப்பு வந்தது. என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரியாததுபோல் இங்கே எழுதலாம், யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனால் புரிந்தது. செய்திருக்க வேண்டியதும் தெரியும். காரைத் திருப்பி நிறுத்தினாலே பாதி தீர்ந்துவிடும். ஆனால் இத்தனை வருஷ வழக்கத்தை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் ஃபில்டரைச் சொல்ல வேண்டும், ஃபில்டரைச் சொன்னால் பைபாஸில் தூங்கியதைச் சொல்ல வேண்டும். டாக்ஸி பிடிக்கலாம். வீட்டில் கார் இருக்கும்போது டாக்ஸி எதற்கு என்பான் அண்ணன். புது ஃபில்டருக்கு ஆர்டர் கொடுக்கலாம், வர ஆறு வாரம். புது காருக்கு இன்னும் நாலு மாதம்தான். நாலு மாதம்தானே என்று நினைத்தேன்.

ஒன்று மட்டும் செய்தேன். ஸ்டார்ட் செய்வதற்குமுன் போய் அப்பாவின் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவேன். நான் அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் திறந்துவிடுவார். மூச்சு முட்டுகிறவனுக்கு மூடின ஜன்னல் என்றால் பயம்.

ஏழு வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை மையத்தில் பயிற்சிக்கு எழுந்து நிற்கும்போதே அப்பா சரிந்தார். அங்கிருந்தே ஆஸ்பத்திரி. நெஞ்சில் தொற்று, இரண்டு பக்கமும். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்த வியாதியில இது வரும்" என்றார். "வீட்டுல யாராவது புகை பிடிக்கிறீங்களா?"

"யாரும் இல்ல டாக்டர்" என்றான் அண்ணன். "அவரே விட்டுப் பத்து வருஷம் ஆச்சு."

"விறகு, கொசுவர்த்தி?"

"எதுவும் கிடையாது."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வார்டில் நான் மட்டும் இருந்தேன். அப்பாவுக்கு முகம் மூடிய மாஸ்க். பேச வேண்டுமென்றால் அதைத் தூக்கிக்கொள்வார். வெளியே யாரோ ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். வண்டி ஃபில்டரை..."

மாஸ்க்கைத் தூக்கினார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதல் நாளே." இரண்டு மூச்சு எடுத்தார். "இருபத்தாறு வருஷம் டிப்போவுல என்ன, பூவா தொடுத்தேன்? வாசனை தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன்பா சொல்லலை?"

"நீ சொல்வேன்னு பார்த்தேன்." மாஸ்க்கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினார். "சொன்னா உங்கண்ணன் உன்னை வீட்டை விட்டு அனுப்பிடுவான். அவன் குணம் தெரியும்ல. அப்புறம் காலையில என்னை யாரு குளிப்பாட்டறது? அவனுக்கு என் முதுகைக் கண்டாலே அருவருப்பு."

நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் கேட்காதே. பதில் சொல்ல மூச்சு வேணும்."

அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார், காலை அமுக்கச் சொன்னார், பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையைத் திட்டினார். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவில்லை. ஏழாம் நாள் காலை அண்ணன் முறை. நான் வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

கார் காரணமா என்று டாக்டரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். அவர் பேனாவை மூடினார். "பழைய நுரையீரல். அது இல்லாட்டியும் வந்திருக்கலாம். அதனால கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். யாராலும் அளந்து சொல்ல முடியாது." எதையும் அளந்து பழகியவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. வேறு பதிலும் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை, அண்ணன் போனை நீட்டியபடி சமையலறைக்குள் வந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாங்கள் ரத்து செய்த அந்த மாடலின் பேட்டரி வீணாகப் போகிறதென்று, விற்ற வண்டிகளையெல்லாம் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

"பார்த்தியாடா?" அவன் முகத்தில் மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம். "நூத்துக்கு நூறு நீ சொன்னது. கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் தம்பி மட்டும் சொல்லலைன்னா நாங்களும் தலையில கட்டிக்கிட்டிருப்போம்னு. ஒரு வருஷம் பொறுன்னே. பொறுத்தது நல்லதாப் போச்சு. அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

என் தோளைப் பிடித்து அழுத்தினான். அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு தலையாட்டல் போதும். அப்பாவுக்குத் தெரிந்தது அப்பாவோடு போயிற்று. டாக்டர் என் அண்ணனைத் தேடிவந்து சொல்லப் போவதில்லை.

அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"நேத்து வண்டியை விக்கறதுக்கு விலை கேட்கலாம்னு மெக்கானிக்கை வரச் சொன்னேன். வந்தாரு, எல்லாம் சொன்னாரு" என்றாள். அண்ணனிடம் அல்ல, என்னிடம். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

பதினாலு வருஷத்தில் அவள் என்னை நீ என்றது அன்றுதான்.

நானே சொன்னேன். பைபாஸில் தூங்கியது, உளி, ட்ரே, ஸ்பாஞ்ச், தார் என்று சொன்னது, எல்லாம். அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். கடையில் வருகிறவர்களிடம் சட்டையால் துடைக்காதீர்கள் என்று சொல்கிறவன் அவன்.

"ஸ்பாஞ்ச் கருத்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கப்புறம் எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணே?"

"பதினாலு."

"ஜன்னல் பக்கமா வச்சா?"

"ஆமா."

"அஞ்சு நிமிஷம்."

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் ஏதாவது கொஞ்சம் இறங்கியிருக்கும். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து வெளியே போனான். இன்ஜின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கேட் திறக்கும் சத்தம்தான் கேட்டது.

போய்ப் பார்த்தேன். காரை நியூட்ரலில் விட்டுவிட்டு, பின் பம்பருக்கும் அப்பாவின் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் உடம்பை நுழைத்து, முதுகைச் சுவரில் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். கார் நகர்ந்தது. அவன் சுவரை விட்டு விலகி, இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றினான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஐம்பது வயது, முதுகுவலிக்குப் பெல்ட் போடுகிறவன். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்று கையை நீட்டினேன்.

"கை வைக்காதே."

குரலை உயர்த்தாமல் சொன்னான். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

கேட்டுக்கு வெளியே சாக்கடை மூடியையொட்டிச் சின்ன மேடு. முன்சக்கரம் அதில் பாதி ஏறிவிட்டுப் பின்னால் வந்தது. அண்ணன் இரண்டடி பின்வாங்கி, மறுபடி தள்ளினான். மறுபடியும் வந்தது. எதிர் வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "பேட்டரி போச்சா?" என்று கேட்டார்.

மூன்றாவது முறை அண்ணி என்னைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் நின்று தோளைக் கொடுத்தாள். மேடு தாண்டி, கார் தெருவுக்குப் போய் நின்றது. நான் போர்ட்டிகோவிலேயே நின்றிருந்தேன்.